ஊருக்குப் பக்கத்தில் காத்தாடி வருதா? கேளுங்க, சொல்லுதேன்

பழைய 225, 250 கிலோவாட் காற்றாலைகளை, நம்ம பேச்சில் காத்தாடிகளை, எடுத்துவிட்டுப் பெரியதாக நிறுத்த வழிசெய்யும் கொள்கையைத் தமிழக அரசு 2024-ல் வெளியிட்டது. அதிலிருந்து நம்ம திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்து ஊர்களிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. காற்றாலைக்கு இடம் பார்க்கும் வேலையில் பல வருஷம் இருந்தவன் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (இராதாபுரம் பக்கம், மானாவாரி விவசாயி): அண்ணாச்சி, எங்க ஊர்க் காட்டுல உயரமா ஒரு கம்பிக் கோபுரம் நட்டிருக்காங்க. கேட்டா காத்து அளக்கோம்னு சொல்லுதாங்க. இப்பவே பேசணுமா, வேலை தொடங்கட்டும்னு இருக்கலாமா?

பதில்: இப்பவே பேசுங்க தம்பி. ஆனி, ஆடிக் காற்றை ஒரு தடவையாவது முழுசாக அளக்காமல் யாரும் பணம் போட மாட்டார்கள். அதனால் அந்தக் கோபுரம் ஒரு வருஷமாவது நிற்கும். ஊர் சொல் எடுபடுகிற காலமும் அதுதான். 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் காற்றாலை இல்லை. அனல்மின் நிலையத்துக்கு நடப்பதுபோல் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் தானாக நடக்காது, ஊர்தான் கூப்பிட வேண்டும்.

வருஷத்தில் ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. அடுத்த சபையிலேயே, ஒவ்வொரு காத்தாடியும், பாதையும், மின்கம்பி போகும் வழியும் சர்வே எண்ணோடு குறித்த வரைபடம் வேண்டும் என்று தீர்மானம் போடுங்கள். பத்திரம் முடிந்துவிட்டால் நூறு மீட்டர் நகர்த்தச் சொன்னாலும் கஷ்டம். ஒரு காத்தாடிக்கும் அடுத்ததுக்கும் விட வேண்டிய இடைவெளிக்கு விதி இருக்கிறது, ஒன்றை நகர்த்தினால் வரிசையே நகரும். நல்ல நிறுவனமாக இருந்தால் கேட்காமலே வரைபடத்தோடு வந்து நிற்கும்.

கேள்வி (பணகுடி): வீட்டுல இருந்து எவ்வளவு தூரம் தள்ளி நிறுத்தணும்? ராத்திரி சத்தம் கேக்குமா?

பதில்: மத்திய அரசின் 2016 வழிகாட்டுதல், குடியிருக்கும் வீட்டிலிருந்து 500 மீட்டருக்குள் நிறுத்தக்கூடாது என்கிறது. ரோடு, ரயில் பாதை, பொதுக் கட்டடங்களுக்கு வேறு கணக்கு: கோபுர உயரம், றெக்கை வட்டத்தின் விட்டத்தில் பாதி, அதோடு 5 மீட்டர். 120 மீட்டர் கோபுரமும் 130 மீட்டர் வட்டமும் என்றால் 190 மீட்டர் வரும்.

ஆனால் தூரத்தை மட்டும் கேட்டால் போதாது, திசையையும் கேளுங்கள். நம்ம பக்கம் சீசன் காற்று மேற்கே இருந்து வருகிறது. சத்தம் காற்றோடு கிழக்கே போகும். சாயங்கால வெயிலில் றெக்கையின் நிழலும் கிழக்கேதான் நீளும். காற்று பலமாக இருக்கும் வைகாசியிலிருந்து ஆடி வரை சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்து போவதால், அந்த நிழல் கிழக்கிலும் கொஞ்சம் தெற்கே ஒதுங்கி விழும். ஆகவே காத்தாடிக்குக் கிழக்கும் தென்கிழக்குமாக இருக்கும் வீடுகளுக்குச் சத்தம், நிழல் இரண்டும் சேர்ந்து வரும். சுவரில் வெளிச்சமும் இருட்டும் மாறிமாறி ஓடுவதைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த எரிச்சல் தெரியும். எந்த வீட்டில் எந்த மாதம், எத்தனை மணிக்கு நிழல் விழும் என்பதை முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடலாம். அந்த நேரம் மட்டும் காத்தாடி தானாக நிற்கும்படி அமைக்கவும் முடியும். ஒப்பந்தத்தில் அதை எழுதி வாங்குங்கள்.

குடியிருப்புப் பகுதிக்கு ராத்திரி 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் வரம்பு. அளவு எடுப்பதென்றால் ஆடி மாத ராத்திரியில், ஊர்க்கடைசி வீட்டு முற்றத்தில் எடுக்கச் சொல்லுங்கள். காற்று குறைந்த கார்த்திகையில் எடுத்த அளவை ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி (சுரண்டை): காத்தாடி மழை மேகத்தை விரட்டிருதுன்னு எங்க ஊர்ப் பெரியவங்க சொல்லுதாங்களே?

பதில்: இல்லை. நமக்கு மழை தருவது ஐப்பசி, கார்த்திகை வாடை. அந்த மாதங்களில் காத்தாடி குறைவாகத்தான் சுற்றும். அது வேகமாகச் சுற்றும் ஆனி, ஆடியில் மேகம் மலைக்கு மேற்கே பெய்துவிட, காற்று வறண்டுதான் இந்தப் பக்கம் இறங்குகிறது. அது காத்தாடி வருவதற்கு முன்பும் அப்படித்தான்.

கேள்வி (நாங்குநேரி வட்டாரம்): கம்பெனி ரோடு போட்டதும் எங்க குளத்துக்கு வரத்து குறைஞ்சு போச்சு. இது எங்க கற்பனையா?

பதில்: கற்பனை இல்லை. காத்தாடியால் ஊருக்கு வரும் கெடுதலில் நான் முதலில் வைப்பது இதைத்தான். அறுபது மீட்டருக்கு மேல் நீளமான றெக்கையும் பெரிய கிரேனும் போக அகலமான, திடமான பாதை வேண்டும். ஓடையின் குறுக்கே சரள் கொட்டி மேடாக்கி, அடியில் ரெண்டு சிமெண்ட் குழாயைப் புதைத்துவிட்டுப் போய்விடுவார்கள். கோடையில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஐப்பசியில் முதல் வெள்ளம் உடைமுள்ளையும் பனையோலையையும் இழுத்து வந்து குழாய் வாயில் அடைக்கும். தண்ணீர் பாதைக்கு மேற்கே தேங்கி, பக்கத்து விளையை (புஞ்சை நிலத்தை) அரித்துக்கொண்டு வேறு பக்கம் போகும், குளம் காய்ந்து கிடக்கும்.

புலப்படத்தில் (சர்வே வரைபடத்தில்) உள்ள ஓடை, வரத்துக்கால் எல்லாவற்றையும் வேலைக்கு முன்பே நடந்து பார்த்துப் படம் எடுத்து வையுங்கள். மடை திறக்கிறவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். படத்தில் இல்லாத வாய்க்காலும் அவருக்குத் தெரியும். குழாய் வேண்டாம், ஓடையின் முழு அகலத்துக்கும் பெட்டிப் பாலம் (பெட்டி வடிவக் கான்கிரீட் பாலம்) கேளுங்கள், அதன் தரைமட்டம் ஓடை மண்ணுக்கு மேலே ஏறக்கூடாது. கிரேனுக்காகப் போட்ட தற்காலிக மேட்டை வேலை முடிந்ததும் அள்ளிவிட வேண்டும். உங்கள் ஊரில் இப்போதே அடைத்திருப்பதால், புரட்டாசிக்குள் தாசில்தாருக்கும் ஊராட்சி ஒன்றியத்துக்கும் படங்களோடு மனு கொடுங்கள்.

கேள்வி (திசையன்விளை, பெண் வாசகர்): எங்க வீட்டுக்காரர் பம்பாயில இருக்காங்க. தரிசாக் கிடக்கிற எங்க விளைக்கு பவர் எழுதிக் குடுங்கன்னு தரகர் கேக்காரு. குடுக்கலாமா?

பதில்: தரகர் பெயருக்குப் பவர் பத்திரம் கொடுக்க வேண்டாம் தாயி. ஊரில் ஆள் இல்லாத நிலத்தைத்தான் முதலில் தேடி வருவார்கள். நிறுவனத்தோடு நேரடியாகப் பேசி, விற்பதை விடப் பதிவு செய்த குத்தகையாகக் கொடுக்கப் பாருங்கள். அடித்தளம், கிரேன் நிற்கும் மேடை, பாதை போக மீதி நிலத்தில் நீங்கள் விவசாயம் பார்க்கலாம் என்று அதில் இருக்கட்டும். குத்தகை முடிந்ததும் காத்தாடியை இறக்கி கான்கிரீட்டைப் பெயர்த்து எடுப்பது யார் செலவு என்பதையும், அதற்கு வங்கி உத்தரவாதத்தையும் கேளுங்கள். இதை யாரும் கேட்பதில்லை, ஆனால் இருபது இருபத்தைந்து வருஷம் கழித்து உங்கள் பிள்ளைகளுக்கு அதுதான் பெரிய தலைவலி. பனை நின்றால், ஆட்சியர் அனுமதி இல்லாமல் வெட்ட விடாதீர்கள். நிலம் பஞ்சமி நிலமா, அதாவது ஒடுக்கப்பட்ட ஆதிதிராவிட மக்களுக்கு அரசு ஒதுக்கிய நிலமா என்றும் பார்த்துவிடுங்கள், அதை அந்த மக்களைத் தவிர வேறு யாருக்கும் மாற்றினால் செல்லாது.

கேள்வி (மூன்றடைப்பு): கூந்தன்குளத்துக்கு வர்ற பறவைகளுக்கு ஆபத்து உண்டா?

பதில்: உண்டு, அதனால்தான் இடம் முக்கியம். கூந்தன்குளம், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்ததாக 2022-ல் அறிவிக்கப்பட்ட இடம். பறவைகள் கூடு கட்டுவது அங்கே என்றாலும் இரை தேடிச் சுற்று வட்டாரக் குளங்களுக்கெல்லாம் பறக்கும். காலையும் மாலையும் அவை போகும் தடத்தை ஒரு சீசனாவது கணக்கெடுக்காமல் அந்தப் பக்கம் காத்தாடி வரக்கூடாது என்பது என் கருத்து. றெக்கையைப் போலவே மின்கம்பியும் ஆபத்து, கேபிளைப் பூமிக்கு அடியில் கொண்டுபோகச் சொல்லலாம்.

கேள்வி (வள்ளியூர்): ஊருக்குக் கரண்ட் சும்மா கிடைக்குமா? பையன்களுக்கு வேலை?

பதில்: கரண்ட் துணைமின் நிலையத்துக்குப் போய்விடும், உங்கள் பில் குறையாது. கட்டும்போது வேலை நிறைய, முடிந்த பிறகு காவலும் பராமரிப்புமாகச் சிலருக்குத்தான். ஐடிஐ படித்த பையன்களுக்குப் பராமரிப்புப் பயிற்சி என்று எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி (கிடை போடுபவர், மானூர் பக்கம்): எங்களுக்கு நிலம் கிடையாது, ஆடு மட்டும்தான். எங்களை யாரும் கூப்பிட்டுப் பேசலையே?

பதில்: பட்டா இல்லாததால் உங்களை விட்டுவிடுகிறார்கள், அது பெரிய தப்பு. ஆடு போகும் தடமும் தண்ணீர் காட்டும் இடமும் கிராம சபைத் தீர்மானத்தில் ஏற வேண்டும். டிரான்ஸ்பார்மரைச் சுற்றி ஆடு நுழைய முடியாத வேலியும், மற்ற இடம் திறந்தும் இருக்க வேண்டும். வேலிக்குக் கல் ஊன்றும் அன்றைக்கு நீங்களும் நாலு பேராகப் போய் நில்லுங்கள்.