பழசை ஏன் கிளறுகிறீர்கள்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அலுவலகத்தில் பத்து வருடமாக என்னோடு ஒரே மேசையில் சாப்பிடும் சிங்கள நண்பர் ஒருவர் இருக்கிறார். 2022இல் அரசுக்கு எதிரான காலிமுகத்திடல் போராட்டத்துக்கும் வந்தவர். 2009இல் போரின் கடைசியில் முள்ளிவாய்க்காலில் கொல்லப்பட்ட தமிழர்களுக்காக யாழ் பல்கலைக்கழகத்தில் இருந்த நினைவுத்தூபி இடிக்கப்பட்டது பற்றிப் பேச்சு வந்தபோது, "பழசை ஏன் கிளறுகிறீர்கள்?" என்றார். இவருக்குள்ளும் இனவாதம்தானா?

ம., தெஹிவளை

அன்புள்ள ம.,

இனவாதம் என்று எழுதி மூடிவிடலாம். ஆனால் அவரை விளங்கிக்கொள்ள அது போதாது.

வெள்ளவத்தையில் எங்கள் மேல்மாடியில் ஒரு சிங்கள அன்ரி இருந்தார். தெற்கில் ஜே.வி.பி. கிளர்ச்சியை அரசு ஒடுக்கிய 1989இல் அவருடைய தம்பியைப் பிடித்துக்கொண்டு போனார்கள், திரும்பவேயில்லை. ஒவ்வொரு ஒக்டோபர் 27ஆம் திகதியும் சீதுவை, ரத்தொலுவைச் சந்தியில் உள்ள காணாமலாக்கப்பட்டோர் நினைவிடத்துக்குப் போவார். சுவரில் வரிசையாக இருக்கும் படங்களில் தம்பியின் முகத்தைத் தேடிச் சேலைத் தலைப்பால் துடைப்பாராம். அம்மாவிடம் சொல்லி அழுவார்.

அதே அன்ரி, 2016இல் காணாமல்போனோர் அலுவலகச் சட்டம் வந்தபோது, "ஆமிக்காரரை மாட்டிவிடத்தான் இது" என்றார். அந்த அலுவலகம் தெற்கில் காணாமல்போனவர்களையும் தேடவேண்டியது, அவருடைய தம்பி உட்பட. அம்மா எடுத்துச் சொல்லியும் காதில் ஏறவில்லை. அவர் வீட்டு ஹோலில் சீருடையோடு மூத்த மகனின் படம் தொங்கியது. கடைசிப் போரில் ஆமியில் வன்னியில் நின்றவன். முள்ளிவாய்க்காலில் செத்த பொதுமக்களை ஏற்றுக்கொண்டால், அந்தப் படத்தை அவர் எந்தக் கண்ணால் பார்ப்பது? அரசும் ஒவ்வொரு மே மாதமும் போர்வீரர் விழா எடுத்து, அந்தக் கேள்வி அவருக்குள் எழாமல் பார்த்துக்கொண்டது.

எங்கள் பக்கமும் பாருங்கள். 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்கு ஊரைவிட்டு வெளியேறப் புலிகள் கொடுத்தது இரண்டு மணித்தியாலம். அந்தப் பேச்சை எடுத்தாலே என் பெரியப்பா "அந்த நேரத்து நிலைமை அப்படி" என்று எழுந்து போய்விடுவார். அவரும் நல்ல மனிதர். அவருடைய கடைசி மகன் இயக்கத்துக்குப் போய்த் திரும்பாதவன். இயக்கம் செய்தது பிழை என்று சொன்னால் மகனையும் சேர்த்துச் சொல்வதாக அவருக்குப் பட்டது. அன்ரியின் பயமும் பெரியப்பாவின் பயமும் ஒன்றுதான் என்று விளங்க எனக்கு வெகுகாலம் எடுத்தது.

ஸ்பெயினிலும் இதே குரல் கேட்டது. சர்வாதிகாரி பிராங்கோ செத்தபின், 1977இல் பொதுமன்னிப்புச் சட்டம் போட்டுப் பழைய கொடுமைகள் பற்றி வாயை மூடிக்கொண்ட நாடு அது. 2019இல் பிராங்கோவின் உடலைத் தோண்டி வேறு இடத்துக்கு மாற்றியபோது, காயத்தைக் கிளறுகிறார்கள் என்று கோபப்பட்டவர்கள் அங்கும் இருந்தார்கள்.

இதற்காக 2021 ஜனவரி 8 இரவு தூபியை இடித்தவர்களை நான் மன்னிக்கமாட்டேன். அது அதிகாரம் செய்த வேலை. உங்கள் நண்பரின் தயக்கத்தை அந்தக் கணக்கில் சேர்க்கவேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

அடுத்தமுறை 2009ஐ விட்டுவிட்டு 1989இல் தொடங்குங்கள். உங்கள் வீட்டில் யாராவது காணாமல்போனார்களா என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை எங்கள் கதையை எடுக்காதீர்கள். 1990 பற்றி அவர் கேட்டால், எழுந்து போய்விடாதீர்கள்.