பார்த்தவரின் பயம்

அன்புள்ள ஐயா,

இரண்டு மாதங்களாகப் பறக்கும் தட்டுகள் பற்றிய ஆவணப்படங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அமெரிக்காவின் ராஸ்வெல்லில் விழுந்ததாகச் சொல்லும் தட்டு, வேற்றுக்கிரகவாசிகள் கட்டியதாகச் சொல்லும் பிரமிடுகள், அமெரிக்கக் கடற்படை விமானிகள் எடுத்த காணொளிகள், வேற்றுக்கிரகவாசிகள் கடத்திச்சென்றதாகச் சொல்பவர்களின் பேட்டிகள் என்று எதையும் விடவில்லை. நண்பர்கள் கேலி செய்கிறார்கள். ஆனால் இத்தனை பேரும் சேர்ந்து பொய் சொல்வார்களா? வேற்றுக்கிரகவாசிகள் வந்துபோனதை நீங்கள் நம்புகிறீர்களா, இல்லையா?

க.

அன்புள்ள க.,

நம்பவில்லை. கேட்டதற்குப் பதில் அவ்வளவுதான். உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது ‘பொய் சொல்வார்களா’ என்ற சொற்கள். சில வாரங்களாக நானும் அதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ராஸ்வெல்லை விட்டுவிடுவோம். சோவியத் அணுகுண்டுச் சோதனைகளின் ஒலியைப் பிடிக்க வானில் உயரத்தில் மிதக்கவிட்ட ரகசிய பலூன்களில் ஒன்று 1947இல் அங்கே விழுந்தது என்று அமெரிக்க விமானப்படை 1994இல் அறிக்கையே கொடுத்துவிட்டது. கடற்படைக் காணொளிகளைப் பற்றிச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. பிரமிடு விஷயத்தில்தான் உங்கள்மேல் கோபம் வருகிறது. மெரர் என்ற எகிப்திய மேற்பார்வையாளர் தன் ஆட்களோடு துரா கல்குவாரியிலிருந்து கீசா பிரமிடுக்குப் படகில் சுண்ணாம்புக்கல் கொண்டுபோன நாட்குறிப்பு 2013இல் செங்கடல் கரையில் கிடைத்தது. எந்த நாளில் கல் ஏற்றினார்கள், எங்கே இரவு தங்கினார்கள் என்பது வரை அதில் இருக்கிறது. 4,500 ஆண்டுகள் தாண்டி நம் கைக்கு வந்துசேர்ந்த ஓர் உழைப்பாளியின் கணக்கு அது. அதைத் தேடிப் படிக்காமல், அவர் சுமந்த கல்லைப் பிடுங்கி எங்கிருந்தோ வந்தவர்களிடம் கொடுக்கிறீர்களே, உங்களுக்கு உறுத்தவில்லையா?

பொய்க்கு வருகிறேன். 1947 ஜூன் 24 அன்று கென்னத் ஆர்னால்டு என்ற விமானி அமெரிக்காவின் ரெய்னியர் மலைப்பக்கம் ஒன்பது பொருள்கள் வேகமாகப் பறந்துபோவதைப் பார்த்தார். தண்ணீர்மேல் வீசிய தட்டு துள்ளித் துள்ளிப் போவதைப் போல அவை போயின என்று சொன்னார். அவர் சொன்னது போன விதத்தை. செய்தித்தாள்களில் அதுவே உருவமாகி, ‘பறக்கும் தட்டு’ பிறந்தது. அதன்பிறகு ஊர் உலகமெல்லாம் தட்டுகளைப் பார்த்தது. ஆர்னால்டு பொய் சொல்லவில்லை. அவர் சொன்னதைத்தான் யாரும் சரியாகக் கேட்கவில்லை.

கடத்தல் பேட்டிகள் என்றீர்கள். அவற்றுக்கெல்லாம் முன்னோடியான கதையைச் சொல்கிறேன். 1961 செப்டம்பர் 19 இரவு, விடுமுறை முடிந்து பெட்டி ஹில், பார்னி ஹில் தம்பதி அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநில மலைச்சாலையில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். வானத்தில் ஒரு வெளிச்சம் கூடவே வந்தது. பார்னி காரை நிறுத்தி, இறங்கி, பைனாகுலரில் பார்த்தார். பதறி ஓடிவந்து காரைக் கிளப்பினார். சில நாள்களில் பெட்டிக்குக் கனவுகள் வரத்தொடங்கின. யாரோ தங்களைப் பிடித்துக்கொண்டுபோய்ச் சோதிப்பதாக. 1964இல் பாஸ்டன் மனநல மருத்துவர் பெஞ்சமின் சைமன் இருவரையும் தனித்தனியே ஹிப்னாடிச உறக்கத்தில் ஆழ்த்திப் பேசவைத்து, ஒலிநாடாவில் பதிவுசெய்தார். பார்னி அதில் அலறுவதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். கடத்தல் நடக்கவில்லை, மனைவியின் கனவு கணவரின் நினைவுக்குள் புகுந்துவிட்டது என்பதே சைமனின் முடிவு.

ஆனால் அந்த அலறல்? அது நடிப்பல்ல. பார்னி கறுப்பினத்தவர், பெட்டி வெள்ளையினப் பெண். அந்த ஆண்டில் அமெரிக்காவின் பல மாநிலங்களில் இப்படிப்பட்ட திருமணம் குற்றம். உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டங்களை நீக்கியது 1967இல்தான். அவர்கள் மாநிலத்தில் சட்டத் தடை இல்லை என்றாலும், இரவில் வெள்ளை மனைவியோடு ஆளரவமற்ற சாலையில் கார் ஓட்டிவரும் கறுப்பினத்தவரின் நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும் என்று நினைத்துப்பாருங்கள். வானத்துப் பொருளின் ஜன்னலில் பார்த்த முகங்களைப் பற்றி பார்னியே அந்த ஒலிநாடாவில் சொல்கிறார்: ஒன்று செம்பட்டை முடி ஐரிஷ்காரனை நினைவூட்டியது. ஏன் என்பதையும் அவரே சொல்லிவிடுகிறார், ஐரிஷ்காரர்கள் கறுப்பர்களிடம் பகைமை காட்டுகிறவர்கள் என்று. இன்னொரு முகம் அவருக்கு நாஜியாகத் தெரிகிறது. ஒரு மனிதர் தன் பயத்தை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வார்? நான் பார்த்த படங்களில் இந்த வரிகள் இல்லை. அலறலை மட்டும் வெட்டியெடுத்து, பின்னால் இசையைப் போட்டு, பெரிய கண்களுடைய சாம்பல்நிற பொம்மையை அந்த ஜன்னலில் நிறுத்திவிட்டார்கள். அவர் வாழ்நாளெல்லாம் பயந்தது பூமியில் இருந்தவர்களுக்கு. அதைக் காட்டினால் படம் ஓடாது என்று நினைத்துவிட்டார்கள்.

இதையெல்லாம் நான் தேடிப் படித்தது என் அப்பாவால். எனக்குப் பதினான்கு வயது. வீட்டில் உறவினர்கள் பத்துப் பேர் உட்கார்ந்திருக்க, அப்பா கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டே, முன்பு ஒருநாள் முன்னிரவில் தான் சைக்கிளில் வந்தபோது மேற்கே மரங்களுக்குப் பின்னால் ஒரு வெளிச்சம் தன் கூடவே வந்ததாகச் சொன்னார். நின்றால் அதுவும் நின்றதாம். “அது வெள்ளி கிரகம்பா” என்றேன். வெகு தொலைவில் இருப்பது நகராது, பக்கத்து மரங்கள் பின்னால் ஓடுவதால் அது துரத்துவதுபோலத் தெரியும் என்று விளக்கமும் கொடுத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். கடிகாரத்தின் திருகைப் பிடித்திருந்த அப்பாவின் விரல்கள் நின்றுவிட்டன. பிறகு மெல்ல அதை உள்ளே அழுத்திவிட்டு எழுந்துபோனார்.

வெள்ளிதான் அது, இன்றும் எனக்குச் சந்தேகமில்லை. அந்த இரவு சித்தப்பாவை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு அவர் திரும்பிய இரவு என்பதும், மறுநாள் சித்தப்பா இறந்துபோனார் என்பதும் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதற்குள் பல ஆண்டுகள் ஓடிவிட்டன. அப்பா அந்த வெளிச்சத்தைப் பற்றி யாரிடமும் மறுபடி பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

பார்னியின் ஒலிநாடா இன்னொரு முறை கேட்கக் கிடைத்தால், அலறலுக்கு முன்னால் அவர் என்ன பேசுகிறார் என்று கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.