பெக்காமின் முடியும் டெல் போஸ்கேயின் மீசையும்

கேள்வி: கால்பந்துப் பயிற்சியாளர் விசென்டே டெல் போஸ்கே 2008இல் ஸ்பெயின் தேசிய அணிக்குப் பொறுப்பேற்றபோதே அது ஐரோப்பிய சாம்பியன். அப்படிப்பட்ட அணி கையில் இருந்தால் 2010 உலகக் கோப்பையை யார்தான் வென்றிருக்க மாட்டார்கள்? அந்த மீசையைத் தவிர அவரிடம் என்ன இருந்தது? நாம் கற்கவேண்டிய தலைமைப் பண்பு ஏதாவது உண்டா?

பதில்: மீசையை அவ்வளவு லேசாகத் தள்ளிவிடாதீர்கள். அதற்கு முன் ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் கிளப்பில் அவருக்குப் பயிற்சியாளர் வேலை போனதே அதனால்தான் என்பது என் நெடுநாள் சந்தேகம்.

1999 நவம்பரில் பொறுப்பேற்றவர், நான்கு ஆண்டுகள் நிறைவதற்குள் ஐரோப்பிய கிளப்களுக்கான சாம்பியன்ஸ் லீக் கோப்பை இரண்டு, ஸ்பெயினின் லீக் பட்டமான லா லிகா இரண்டு வென்று கொடுத்தார். 2003 ஜூனில் இரண்டாவது லா லிகா கைக்கு வந்த மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆள் பழைய பாணியாம். கிளப் தலைவர் ஃப்ளோரென்டினோ பெரேஸுக்கு நவீனமான ஒருவர் தேவைப்பட்டார். அதே மாதம்தான் இங்கிலாந்தின் நட்சத்திர வீரர் பெக்காமை வாங்க ஒப்பந்தம் பேசி முடித்தார்கள். பெக்காமின் தலைமுடியைச் சுவரொட்டியில் போடலாம், சட்டையோடு சேர்த்து டோக்கியோ வரை விற்கலாம். சாலமாங்காவில் பிறந்த ரயில்வே ஊழியர் மகனின் மீசையை எந்தக் கடையில் வைத்து விற்பது? முடி உள்ளே வந்தது, மீசை வெளியே போனது. எதிரணியிடமிருந்து பந்தைப் பறித்துக் கொடுப்பதையே பிழைப்பாக வைத்திருந்த மகலேலேவையும் அந்தக் கோடையிலேயே இங்கிலாந்தின் செல்சி கிளப்புக்கு விற்றார்கள். அவருக்கும் சுவரொட்டி முகம் கிடையாது.

அடுத்த பருவத்தில் மாட்ரிட் கடைசி ஐந்து லீக் ஆட்டங்களையும் வரிசையாகத் தோற்று நான்காம் இடத்தில் முடித்தது. சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில் மொனாக்கோ வெளியேற்றியது. இரண்டு ஆட்டங்களிலும் மாட்ரிட்டுக்கு எதிராகக் கோல் அடித்தவர் மோரியன்டெஸ். அவரை மொனாக்கோவுக்கு இரவல் கொடுத்ததே மாட்ரிட்தான். சொந்தக் காசில் சூனியம் என்பது இதுதான்.

கோட்டோரம் நின்று கையை வீசிக் கத்துகிறவரே பயிற்சியாளர் என்று நம்பும் வாசகர்களோடு எனக்குத் தீராத வழக்கு உண்டு. நீங்களும் அந்தக் கட்சி போலிருக்கிறது. 2010 உலகக் கோப்பையில் முதல் ஆட்டமே சுவிட்சர்லாந்திடம் 0-1 தோல்வி. அலோன்சோ இருக்கும்போது நடுக்களத்தில் புஸ்கெட்ஸும் எதற்கு என்று ஊரே கேட்டது. டெல் போஸ்கேயோ, மறுபடி ஆட வாய்ப்புக் கிடைத்தால் புஸ்கெட்ஸைப் போல ஆட ஆசை என்று சொல்லிவிட்டு அவரையே தொடர்ந்து இறக்கினார். தோற்றால் வெளியேற வேண்டிய நாக் அவுட்டில் நான்கு ஆட்டங்களும் 1-0 வெற்றி. நீங்கள் சொல்லும் அந்த ‘யார்தான்’ முதல் தோல்வியிலேயே பதறிப்போய் அணியைப் பிரித்து மேய்ந்திருப்பார்.

2014 உலகக் கோப்பையில் அதே பிடிவாதம் காலை வாரியது. நெதர்லாந்திடம் 1-5, சிலியிடம் 0-2. இரண்டே ஆட்டத்தில் கதை முடிந்தது. கோப்பை வாங்கித் தந்த பழைய ஆட்களை விட அவருக்கு மனம் வரவில்லை என்பது என் கணிப்பு.

தலைமைப் பண்பு பற்றிய புத்தகங்கள் என் மேசையில் மலையாகக் குவிந்து கிடக்கின்றன. கோப்பை வென்ற மறுநாள் வேலை போனால் என்ன செய்வது என்று ஒன்றிலாவது ஓர் அத்தியாயம் கிடையாது. கெட்டி அட்டை போட்டவை மட்டும் ஆடுகிற மேசைக்கு அண்டைக் கொடுக்க உதவுகின்றன. பதிப்பாளர்கள் இனி அளவு பார்த்து அனுப்பவும். இடதுபக்கக் கால் இன்னும் அரை அங்குலம் குறைகிறது.