பேரப்பிள்ளைக்கு ஸ்ட்ரோலர்: எது, எப்போது?

கேள்வி: மகளுக்கு ஆனி கடைசியில் பேறுகாலம். தலைப்பிரசவம் என்பதால் திருநெல்வேலி டவுனில் எங்கள் வீட்டில்தான் ஆறு மாதம் வரை இருப்பாள். வீடு முதல் மாடியில், படி குறுகல். படுக்கைத் தொட்டி, உட்காரும் சீட், கார் சீட் மூன்றும் சேர்ந்த ஸ்ட்ரோலர் செட் ஒன்றை மருமகன் பெங்களூரிலிருந்து அனுப்புவதாகச் சொல்கிறார். எடை 14 கிலோவாம். ‘நம்ம தெருவுல அதெல்லாம் உருளாது’ என்கிறார் என் வீட்டுக்காரர். சாயங்காலம் பிள்ளையை வெளியே கூட்டிப்போக, கோவிலுக்கு, திருச்செந்தூருக்குக் கொண்டுபோக எது வசதி? தள்ளப் போவது பெரும்பாலும் ஆச்சியாகிய நான்தான்.

பதில்: இப்போதைக்கு அனுப்ப வேண்டாம் என்று மருமகனிடம் சொல்லிவிடுங்கள். ஸ்ட்ரோலரே தேவையில்லை என்று சொல்லவில்லை. முதலில் காலண்டரை எடுத்து மாதத்தை எண்ணிப் பாருங்கள். ஆனி கடைசியில் பிறக்கும் பிள்ளை முதல் ஒன்றரை, இரண்டு மாதம் வீட்டை விட்டு அதிகம் வெளியே வராது. அது ஆடிக் காற்று புழுதியை வாரி இறைக்கிற காலமும்கூட. ஆவணி, புரட்டாசியில் வெயில். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. ஆக, பிள்ளையை நிம்மதியாகச் சக்கரத்தில் வைத்துத் தள்ள உங்களுக்குக் கிடைக்கும் முதல் நல்ல பருவம் மார்கழி, தை. அப்போது பிள்ளைக்கு ஐந்து, ஆறு மாதம் ஆகியிருக்கும். படுக்கைத் தொட்டியோ பிள்ளை தானாகப் புரண்டு எழ முயலும்வரைக்குத்தான். சுமார் ஆறு மாதம், அல்லது 9 கிலோ. அதைத் திரும்பப் பெட்டியில் போட்டு மூடவேண்டிய நேரத்தில்தான் அது உங்களுக்குப் பயன்பட ஆரம்பிக்கும். அந்தச் செலவு வீண்.

அதுவரை தொட்டிலும் மடியும் போதும். 6, 10, 14-ஆவது வாரத் தடுப்பூசிகளுக்குப் போகும்போது ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போவதுதான் எளிது. ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் ஸ்ட்ரோலர் இடைஞ்சல்.

அந்த செட்டில் உருப்படியான பொருள் கார் சீட். மகள் பிள்ளையோடு காரில் பெங்களூர் திரும்புவதாக இருந்தால் அதை மட்டும் தனியாக வாங்கச் சொல்லுங்கள். பின் சீட்டில், பிள்ளையின் முகம் காரின் பின்பக்கம் பார்க்கும்படி பொருத்த வேண்டும். ஏர்பேக் உள்ள முன் சீட்டில் வைக்கவே கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பிள்ளையை வெளியே எடுத்துச் சமமாகப் படுக்க வையுங்கள். கோவில்பட்டி, மதுரை என்று நின்று நின்றுதான் போகணும். அந்த கார் சீட்டையே சக்கரச் சட்டத்தில் மாட்டி, பிள்ளை தூங்கத் தூங்கத் தள்ளிக்கொண்டு சுற்றுவதை விளம்பரத்தில் காட்டுவார்கள். அதைச் செய்யாதீர்கள். ஏன் என்பது சாய்மானத்தைப் பற்றிச் சொல்லும்போது புரியும்.

சாய்மானத்தில்தான் முதலில் கண் வைக்க வேண்டும். கைக்குழந்தையின் தலை உடம்போடு ஒப்பிட்டால் மிகப் பெரிது. கழுத்துத் தசைக்கு அதைத் தாங்கும் வலு இல்லை. செங்குத்தாகவோ அரைச் சாய்வாகவோ உட்கார வைத்தால் தூக்கத்தில் தலை முன்னால் சரிந்து தாடை நெஞ்சில் முட்டும். மூச்சுக்குழல் சிறியது, மெத்தென்று இருப்பது, மடங்கினால் அடைத்துக்கொள்ளும். அப்போது பிள்ளை அழாது, சத்தமே வராது என்பதுதான் பயங்கரம். ஆகவே பிடிமானம் இல்லாமல் தானாக உட்காரும்வரை ஸ்ட்ரோலரில் படுக்கைதான். ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கான சீட்டில் முதுகுப்பலகைக்கும் இருக்கைக்கும் இடையே குறைந்தது 150 டிகிரி இருக்க வேண்டும் என்கிறது ஐரோப்பியத் தரவிதியான இ.என். 1888. அது கீழ் எல்லை. 170-ஐத் தாண்டினால்தான் நல்ல படுக்கை.

பெட்டியில் ‘மூன்று நிலைச் சாய்வு’ என்று போட்டிருப்பதை நம்பி வாங்க வேண்டாம். மூன்றாவது நிலையும் ஈசிச்சேர் மாதிரிதான் இருக்கும் பல வண்டிகளில். கடையிலேயே சாய்மானத்தைக் கடைசிவரை இறக்கிவிட்டு, கைபேசியில் உள்ள மட்டம் பார்க்கும் வசதியைத் திறந்து முதுகுப்பலகைமேல் வையுங்கள். தரைமட்டத்திலிருந்து 10 டிகிரிக்குள் காட்டினால் சரி. நடுவில் குழிந்து தொங்குகிறதா என்று கையால் அழுத்தியும் பாருங்கள். வெறும் துணியை நாடாவால் இழுத்துக் கட்டிய சாய்மானம் நாளாக நாளாகத் தொய்யும். உள்ளே பலகை கொடுத்தது தொய்யாது.

வார் ஐந்து புள்ளியாக இருக்கட்டும்: தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, காலிடையில் ஒன்று. இடுப்பு வார் மட்டும் உள்ளதில் பிள்ளை வழுக்கிக் கீழே இறங்கிவிடும். மாட்டியபின் தோள் வாருக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழையணும், அதற்குமேல் தளர்வு கூடாது. பிள்ளை எட்டிப் பிடிக்கும் முன்கம்பி வாருக்கு மாற்று ஆகாது. அது பாதுகாப்புக்கு வைத்தது இல்லை.

அடுத்தது சக்கரம். உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் பாதி உண்மை. மலிவு வண்டிகளில் வரும் ஐந்து அங்குலப் பிளாஸ்டிக் சக்கரம் கடையின் டைல்ஸ் தரையில் வெண்ணெயாக ஓடும். டவுன் சந்துகளின் பேவர் பிளாக்கில் இறக்கினால் ஒவ்வொரு இடுக்கிலும் தடதடவென்று ஆடும். சாக்கடை மூடியின் கம்பி இடைவெளியில் விழுந்து நிற்கும். நீங்கள் நடந்த வேகம் அப்படியே இருக்க, வண்டி மட்டும் சட்டென்று நின்றால் முன்பக்கம் கவிழும். முன் சக்கரம் குறைந்தது ஆறரை, ஏழு அங்குலம், பின் சக்கரம் அதைவிடப் பெரிதாக இருப்பது நல்லது. முன் சக்கரம் 360 டிகிரி திரும்புவதோடு, நேராகப் பூட்டும் வசதியும் இருக்கணும். கல்லும் மேடுமான ரோட்டில் பூட்டிவிட்டுத் தள்ளினால் ஆட்டம் அடங்கும். கடைக்குள் போகும்போது திறந்துவிடலாம்.

சக்கரத்தின் மேற்பூச்சு கெட்டிப் பிளாஸ்டிக்கா, செருப்பில் வரும் ஈ.வி.ஏ. நுரையா, ரப்பரா என்று நகத்தால் அழுத்திப் பாருங்கள். சற்றே அமுங்குவதுதான் அதிர்வைத் தாங்கும். காற்று டயர் சொகுசில் முதலிடம். ஆனாலும் நம் சீமைக்கு நாங்கள் அதைச் சொல்ல மாட்டோம். ரோட்டோரம் முழுக்க உடைமுள்ளும் சீமைக்கருவேல முள்ளும் உதிர்ந்து கிடக்கும் ஊரில் வாரம் ஒரு பஞ்சர் நிச்சயம். அந்தச் சின்ன ட்யூப் சைக்கிள் கடையிலும் லேசில் கிடைக்காது.

நம் ஊர்க் கடைகளில் அதிகம் விற்பது கைப்பிடியை முன்னும் பின்னும் திருப்பிப் போடும் வகை. பிள்ளை உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே வரும், நல்ல வசதிதான். இதில் யாரும் எடுத்துச் சொல்லாத கோளாறு ஒன்று உண்டு. திரும்பும் சக்கரம் ஒரு பக்கம் மட்டும்தான் என்றால், கைப்பிடியைத் திருப்பியதும் அது உங்கள் காலடிக்கு வந்துவிடும். திரும்பாத சக்கரம் முன்னே போய்விடும். வண்டி இடமென்றால் வலம் என்று இழுக்கும். பிரேக்கும் உங்கள் கால் எட்டாத எதிர்ப்பக்கம் போய்விடும். நான்கு சக்கரமும் திரும்பி, நான்கும் பூட்டக்கூடியதாக இருந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். சட்டத்தை விட்டுவிட்டு இருக்கையை மட்டும் கழற்றித் திருப்பும் வகை இதைவிட நல்லது. விலையும் எடையும் கூடும்.

பிரேக்கை ஒரே மிதியில் இரண்டு பின் சக்கரமும் பூட்டுவதாகப் பாருங்கள். சக்கரத்துக்கு ஒன்றாகத் தனித்தனி மிதி உள்ளதில் அவசரத்தில் ஒன்றை மட்டும் மிதிப்போம். வண்டி அந்தச் சக்கரத்தை மையமாக வைத்துச் சுழலும். செருப்பு மாட்டும் ஊர் இது என்பதால், மிதியைக் கீழே அழுத்திப் பூட்டி, கால் விரலால் மேலே நெம்பித் திறக்கும் வகை விரலுக்கு வலிக்கும். பூட்டவும் திறக்கவும் அழுத்தினாலே போதும் என்பதைத் தேடுங்கள். அடுத்த வருஷ ஆடியில் பிள்ளைக்கு ஒரு வயது இருக்கும். ஆரல்வாய்மொழி, செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் அந்தக் காற்றில் விரித்த மேற்கூரை பாய்மரம்போல வேலை செய்யும். பிரேக் போடாத வண்டி தானாக நகர்ந்துவிடும். ஒரு நிமிடம் நின்றாலும் பிரேக் போட்டுவிட்டே கையை எடுங்கள். ரயில்வே பிளாட்பாரத்தில் தண்டவாளத்துக்கு இணையாக நிறுத்தணும், அதை நோக்கி நிறுத்தக் கூடாது.

இனி உங்கள் மாடிப்படி. பிள்ளையோடு வண்டியைத் தூக்கிப் படி ஏறுவதோ இறங்குவதோ கூடவே கூடாது. பிள்ளை ஒருவர் கையில், வண்டி இன்னொருவர் கையில். தனியாக இருக்கும் நேரமும் வரும் என்பதால், கீழ்வீட்டுத் தார்சாவிலோ (வாசல் வராந்தா) படிக்கட்டின் அடியிலோ வைத்துச் சைக்கிள் சங்கிலியால் பூட்ட இடம் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். இருந்தால் 8, 9 கிலோ வண்டி வரை வாங்கலாம். மேலே தூக்கித்தான் ஆகணும் என்றால் 7 கிலோவுக்கு மேல் வேண்டாம். 14 கிலோ உங்கள் முதுகுக்கு ஆகாது.

மடிக்கும் வகை இரண்டு. குடைபோல நீளவாக்கில் மடங்குவது லேசு. ஆட்டோ சீட்டின் பின்பக்கத் தட்டில் போகும். அதில் முழுப் படுக்கை அபூர்வம். புத்தகம்போல மடங்குவது சற்றுப் பருமன், ஆனால் சாய்மானம் நன்றாக வரும். உங்களுக்கு இரண்டாவதுதான் தோது. நீங்கள் வழக்கமாகப் போகும் ஆட்டோவில், கார் என்றால் டிக்கியில், நீள அகலத்தை டேப் வைத்து அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள். கேஸ் சிலிண்டர் வைத்த காரில் டிக்கி பாதிதான் மிஞ்சும். விரித்ததும் தானாக விழும் பூட்டோடு இரண்டாவதாக ஒரு பூட்டும் இருக்கணும், இல்லாவிட்டால் தள்ளும்போதே மடங்கிவிடக்கூடும். மூட்டுகளில் மூடி இருக்கிறதா என்று பாருங்கள். 2009-இல் அமெரிக்காவில் பிரபலமான ஒரு வகை ஸ்ட்ரோலர் சுமார் 10 லட்சம் திரும்பப் பெறப்பட்டது. விரிக்கும்போது கீலில் மாட்டிக் குழந்தைகளின் விரல் நுனி துண்டானதே காரணம். விரிக்கும்போதும் மடக்கும்போதும் பிள்ளை இரண்டு எட்டு தள்ளியே இருக்கட்டும்.

கடைக்கு 5 கிலோ அரிசிப் பை ஒன்றைக் கொண்டுபோங்கள். விற்பவர் சிரித்தால் சிரிக்கட்டும். அதை இருக்கையில் வைத்து வார் மாட்டி, ஒற்றைக் கையால் தள்ளிப் பாருங்கள். நேராகப் போகிறதா, ஒரு பக்கம் இழுக்கிறதா என்று தெரியும். கைப்பிடியைக் கீழே அழுத்தி முன் சக்கரத்தைக் கடை வாசற்படியில் ஏற்றிப் பாருங்கள். இதில் கைப்பிடி வளைந்தாலோ கீச்சென்று கத்தினாலோ அந்த வண்டி வேண்டாம். பிறகு அரிசிப் பையை எடுத்துவிட்டு, உங்கள் கைப்பையைக் கைப்பிடியில் மாட்டுங்கள். லேசான வண்டி அப்படியே பின்னால் சாயும். காய்கறிப் பையை மாட்டிவிட்டுப் பிள்ளையைத் தூக்கும் நொடியில் வீட்டிலும் இதுதான் நடக்கும். கனம் எல்லாம் கீழ்க்கூடையில்தான், அதுவும் அதில் எழுதியிருக்கும் எடைக்குள். கைப்பிடி உங்கள் இடுப்புக்கும் தொப்புளுக்கும் நடுவே வரணும். மகளும் மருமகனும் உங்களைவிட உயரம் என்றால் உயரம் மாற்றும் கைப்பிடி. கடைசியாக, மடக்குவதை விற்பவர் செய்து காட்டினால் போதாது. நீங்களே இரண்டு தரம் செய்யுங்கள்.

வெயிலுக்கு மேற்கூரை முன்கம்பி வரை இறங்குவதாகவும் பின்பக்கம் வலை ஜன்னல் உள்ளதாகவும் இருக்கட்டும். வெளிச்சம் படுகிறதென்று துண்டையோ சேலையையோ போட்டு மூடுவது நம் வழக்கம். காற்று அடைபட்டு உள்ளே வெக்கை ஏறும். சிட்னி பல்கலைக்கழக ஆய்வொன்றில் காய்ந்த மஸ்லின் துணியால் மூடிய ஸ்ட்ரோலருக்குள் வெளியைவிட 2.6 டிகிரி செல்சியஸ் கூடியது. அந்த மெல்லிய துணிக்கே இப்படி. காலை ஒன்பதுக்கு முன், மாலை ஐந்துக்குப் பின் என்று வைத்துக்கொண்டால் மூடவே வேண்டியதில்லை. நைலான் இருக்கைமேல் பழைய வேட்டித்துணி ஒரு மடிப்பு விரித்தால் முதுகு வேர்க்காது. கொசுவலை அவசியம். கூடுதல் மெத்தை, தலையணை, கழுத்து வளையம் எதுவும் வேண்டாம். மூக்கை அடைக்கும், வாரையும் தளர்த்தும். இரவுத் தூக்கத்துக்கு ஸ்ட்ரோலர் இல்லை.

நெல்லையப்பர் கோவிலுக்கு வண்டி கொண்டுபோய்ப் பயனில்லை. வாசல் நிலைப்படியும் கல்தளமும் உள்ள எந்தப் பழைய கோவிலிலும் இடுப்புதான் வாகனம். திருச்செந்தூர்க் கடற்கரை மணலில் சின்னச் சக்கரம் புதையும். தள்ளாமல் வண்டியைத் திருப்பி, பெரிய பின் சக்கரம் முன்னே வரும்படி இழுங்கள். கொஞ்ச தூரம் சமாளிக்கலாம். வந்ததும் சக்கரத்தை நல்ல தண்ணீரில் அலசித் துடைத்துவிடுங்கள், உப்பும் மணலும் அச்சைத் தின்றுவிடும். சட்டம் இரும்பைவிட அலுமினியமாக இருக்கச் சொல்வதும் இதனால்தான். சக்கரம் கத்தினால் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். புழுதியைப் பிடித்துப் பிசினாக்கிவிடும். அச்சில் சுற்றிய தலைமுடி, நூலை வெட்டி எடுத்துவிட்டு சிலிக்கான் ஸ்பிரே ஒரு பீச்சு போதும்.

துபாய், சிங்கப்பூரிலிருந்து சொந்தக்காரர்கள் கொண்டுவந்த பழைய ஸ்ட்ரோலர் கிடைத்தால் தாராளமாக வாங்கிக்கொள்ளலாம். வார்ப் பூட்டு ‘டக்’கென்று விழுகிறதா, பிரேக் போட்டு உலுக்கினால் நிற்கிறதா, சக்கர ரப்பர் வெடிக்காமல் இருக்கிறதா, மடிப்புப் பூட்டு இரண்டும் வேலை செய்கிறதா என்ற நான்கும் தேறினால் போதும். புதிதாக வாங்குவதென்றால் கார்த்திகை கடைசியில் வாங்குங்கள். தனியாக முன் சக்கரம் மட்டும் உதிரியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள், முதலில் தேய்வது அதுதான்.