வாடை அடிக்கிற ஓபன் டாப் கார்: அட்வான்ஸ் குடுக்கலாமா?

கேள்வி (பாளையங்கோட்டை வாசகர்): தூத்துக்குடில ஒரு யூஸ்டு கார் டீலர்கிட்ட 2012 மாடல் பிஎம்டபிள்யூ இசட்4 பாத்தேன் சார், கூரை மடிஞ்சு டிக்கிக்குள்ள போற வண்டி. கர்நாடகா ரெஜிஸ்ட்ரேஷன், ஆர்சி வேற ஆள் பேர்ல இருக்கு, 22 லட்சம் சொல்லுதாங்க. உள்ள பூஞ்சை வாடை அடிக்கு, கேட்டா ஏசி வாடைங்காங்க. 'உள்ளது உள்ளபடி வாங்கிக்கிட்டேன்'னு கையெழுத்தும் கேக்காங்க. ஒரு லட்சம் அட்வான்ஸ் குடுக்கலாமா?

பதில் (வக்கீல்): இப்ப குடுக்காதீங்க தம்பி. அந்த வாடை எங்கருந்து வருதுன்னு மொதல்ல பாக்கணும். 2023 டிசம்பர்ல நம்ம பக்கம் பேஞ்ச மழை ஞாபகம் இருக்கும்லா, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர், இங்க திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டே தண்ணிக்குள்ள கெடந்துச்சு, அன்னைக்கு முங்குன வண்டி எல்லாம் காயலாங்கடைக்கா போயிருக்கும்? உங்க வண்டி அப்படித்தான்னு நான் சொல்லல. ஓபன் டாப் வண்டில கூரை ஓரமா தண்ணி வடியுறதுக்கு ஓட்டை இருக்கும், அதுல எலை தழை அடைச்சாலும் தண்ணி உள்ள எறங்கி இதே வாடைதான் வரும். அது சின்ன செலவோட முடியலாம், வெள்ளத்துல கெடந்த வண்டின்னா வயரிங் ஒவ்வொண்ணா சாகும்.

சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுத்து அடில சேறு படிஞ்ச கோடு இருக்கான்னு பாருங்க, கார்பெட்ட தூக்கி சீட் போல்ட்ல துரு இருக்கான்னு பாருங்க, கூரைய நாலஞ்சு தடவ திறந்து மூடி மோட்டார் தெணறுதான்னு கேளுங்க. மெக்கானிக் சொல்ல வேண்டியத வக்கீல் எதுக்கு சொல்லுதான்னு நெனைக்காதீங்க, காரணம் இருக்கு. ஒப்பந்தச் சட்டம் 1872ல செக்‌ஷன் 17 படி, விக்கிறவன் சும்மா வாய மூடிட்டு இருந்தா அது பொதுவா மோசடி ஆகாது. செக்‌ஷன் 19ல இன்னொண்ணு, சாதாரணமா பாத்திருந்தாலே தெரிஞ்சிருக்குங்கிற குறைய மறைச்சுட்டான்னு பின்னால போய் ஒப்பந்தத்த ரத்து பண்ண முடியாது.

அதனால அவங்க வாயில இருந்து பதில் வரணும், அதுவும் எழுத்துல. வாட்ஸ்அப்ல நேரா கேளுங்க, "இந்த வண்டி வெள்ளத்துல முங்குச்சா, டோட்டல் லாஸ் கிளெய்ம் போயிருக்கா, பெரிய ஆக்சிடென்ட் உண்டா"ன்னு (டோட்டல் லாஸ்னா, சரி பண்ணி பிரயோஜனமில்லன்னு இன்சூரன்ஸ் கம்பெனி முடிவு பண்ணுன வண்டி). தெரிஞ்சே "இல்ல"ன்னு பொய் சொல்லியிருந்தா அது மோசடி, 'உள்ளது உள்ளபடி'ன்னு நீங்க கையெழுத்து போட்டிருந்தாலும் அது அவங்கள காப்பாத்தாது. பதிலே வரலையா, அதுலயே உங்களுக்கு விஷயம் தெரிஞ்சிரும். சாட்ட அழிச்சிராதீங்க, ஃபோனையும் மாத்திராதீங்க, கோர்ட்டுக்குப் போனா பாரதிய சாக்ஷ்ய அதிநியம்ங்கிற புது சாட்சியச் சட்டத்துல செக்‌ஷன் 63 சர்டிஃபிகேட்டோட தாக்கல் பண்ணணும்.

அடுத்து ஆர்சி. ஓனர் வேற, விக்கிறது வேறன்னா டீலருக்கு ஆர்டிஓ குடுத்த அங்கீகார சர்டிஃபிகேட் இருக்கான்னு கேளுங்க, 2023 ஏப்ரல்ல இருந்து அது கட்டாயம், ஓனர் வண்டிய ஒப்படைச்சதுக்கு ஃபார்ம் 29சியும் போட்டிருக்கணும். லோன் இருந்தா அது முடிஞ்சுதுன்னு பேங்க் கையெழுத்தோட ஃபார்ம் 35, கர்நாடகா ஆர்டிஓ என்ஓசி (தடையில்லாச் சான்று) ஃபார்ம் 28ல, அப்புறம் பேர் மாத்துறதுக்கு ஃபார்ம் 29, 30. இங்க திரும்ப லைஃப் டேக்ஸ் கட்டணும், தமிழ்நாட்டுல 20 லட்சத்துக்கு மேல உள்ள புது காருக்கு 20 சதவீதம், பழசுக்கு வயச வச்சு கொறையும், ஆனாலும் தொகை பெருசுதான், அத வெலையோட சேத்து கணக்கு போட்டுக்கிடுங்க. இன்சூரன்ஸும் உங்க பேருக்கு மாறணும், தேர்ட் பார்ட்டி கவர் தானா வந்துரும், உங்க வண்டி சேதத்துக்கான கவர் வராது.

ரசீது டீலர் பேர்லதான் வாங்கணும். "நான் வெறும் புரோக்கர்தான்"னு நாளைக்கு நழுவ விடக்கூடாதுல்லா. தனி ஆள்கிட்ட வாங்குனா கன்ஸ்யூமர் கேஸ் நிக்காது, டீலர்னா நிக்கும். ரெண்டு வருஷத்துக்குள்ள, நீங்க குடியிருக்கிற திருநெல்வேலி மாவட்ட கன்ஸ்யூமர் கமிஷன்லயே போடலாம், தூத்துக்குடிக்கு அலைய வேண்டாம்.

இவ்வளவும் பாத்த பெறகு அட்வான்ஸ் குடுக்கணும்னா பேங்க் வழியா குடுங்க, 2 லட்சமும் அதுக்கு மேலயும் ரொக்கமா வாங்க வருமான வரிச் சட்டமே விடாது. ரசீதுல "என்ஓசி வரலைன்னாலோ, வெள்ளத்துல முங்குன வண்டின்னு தெரிஞ்சாலோ முழுப் பணமும் திருப்பித் தரப்படும்"னு எழுதி வாங்கிக்கிடுங்க.