ரெஃப்ரி ஐயாவுக்கு ஒரு டப்பா கேள்வி

ஞாயிறு காலை சேலம் காந்தி மைதானத்தில் ஃபுட்பால் ஆடி முடித்து டீக்கடைக்கு வந்தால், ஆட்டத்தில் வராத சண்டையெல்லாம் அங்கேதான் வருகிறது. போன வாரம் ஒருவர் கிளாஸை ஓங்கிவிட்டார். அதனால் எல்லோரும் சந்தேகத்தைச் சீட்டில் எழுதிப் போடுங்கள் என்று பிஸ்கட் டப்பா ஒன்றை வைத்தேன். உள்ளூர் மேட்சுகளில் பல வருடம் விசில் ஊதியவன், திட்டு வாங்கிப் பழகியவன் என்ற தகுதியில் பதில் சொல்கிறேன்.

பிரேசிலா, அர்ஜென்டினாவா? பந்தயம் ஆளுக்கு நாலு தட்டுவடை செட்.
அம்மாப்பேட்டையிலிருந்து இருவர்

உலகக் கோப்பைக் கணக்கு என்றால் 2022 வரை பிரேசிலுக்கு 5, அர்ஜென்டினாவுக்கு 3. ஆனால் நீங்கள் கேட்பது நேருக்கு நேர். 1930 முதல் 2022 வரை உலகக் கோப்பையில் இவர்கள் மோதியது நான்கே முறை. 1974, 1982 பிரேசிலுக்கு, 1978 கோலே இல்லாத டிரா, 1990 அர்ஜென்டினாவுக்கு. அந்த 1990 ஆட்டத்தில் தாக்கி ஆடியதெல்லாம் பிரேசில்தான், பந்து கம்பத்தில்கூடப் பட்டது. கடைசிப் பத்து நிமிடத்தில் மரடோனா ஒரே ஒரு முறை ஓடினார். தடுக்கிறவர்களையெல்லாம் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, பந்தைச் சக வீரர் கனிகியாவுக்குத் தள்ளிவிட்டார். 1-0, வீட்டுக்குப் போ.

சமீபத்திய காற்று வேறு பக்கம் அடிக்கிறது. 2021 கோப்பா அமெரிக்கா (தென் அமெரிக்க நாடுகளின் கோப்பை) இறுதி ஆட்டம், பிரேசிலின் மரக்கானா மைதானம், டி மரியாவின் ஒரே கோல். 28 வருடத்துக்குப் பிறகு அர்ஜென்டினாவுக்குப் பெரிய கோப்பை. 2023 நவம்பரில் அதே மரக்கானாவில் ஓட்டமென்டி தலையால் முட்டி 1-0. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் பிரேசில் சொந்த மண்ணில் தோற்றது அதுதான் முதல் தடவை. 2025 மார்ச்சில் பியூனஸ் அயர்ஸில் 4-1. ஆக, பாட்டன் சொத்து பிரேசிலுக்கு, கையிருப்பு அர்ஜென்டினாவுக்கு. எட்டு செட்டுக்கும் ஆளுக்குப் பாதி காசு போடுங்கள்.

2014-இல் நெய்மர் இருந்திருந்தால் ஜெர்மனியிடம் 7-1 என்று தோற்றிருப்போமா?
செவ்வாய்ப்பேட்டை, வெள்ளிப் பட்டறை

"தோற்றிருப்போமா" என்று எழுதியிருக்கிறார் பாருங்கள், பிரேசில் ஏதோ பக்கத்துத் தெரு மாதிரி. தம்பி, நெய்மர் கோல் அடிக்கிறவர். அன்றைக்கு ஓட்டை விழுந்தது பின்னால். தடுப்பாட்டத்தைக் கட்டிக் காத்த கேப்டன் தியாகோ சில்வா மஞ்சள் அட்டைத் தடையால் வெளியே உட்கார்ந்திருந்தார். 23-ஆவது நிமிடத்திலிருந்து 29-க்குள் நான்கு கோல், டீ ஆறுவதற்குள். அதில் முதல் கோல் ஜெர்மனியின் குளோசாவுடையது, உலகக் கோப்பைகளில் அவருக்கு 16-ஆவது. பிரேசில்காரர் ரொனால்டோவின் சாதனையைப் பிரேசிலிலேயே உடைத்தார்.

இங்கிலாந்து – ஜெர்மனிதானே உலகத்தின் பெரிய பகை?
ஃபேர்லேண்ட்ஸ், கல்லூரி மாணவர்

இங்கிலாந்தில் கேட்டால் ஆமாம் என்பார்கள். என் கணக்கில் பகையை வளர்ப்பது தோற்றவன்தான். ஜெயித்தவன் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிடுவான். 1966 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் 4-2 என்று ஜெயித்தது இங்கிலாந்து. 1970-இல் இரண்டு கோல் முன்னால் இருந்தும் 3-2 என்று கோட்டை விட்டது. 1990 உலகக் கோப்பையிலும் 1996 யூரோவிலும் (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை) அரையிறுதியில் பெனால்டியில் போனது. இத்தனையையும் மனசில் வைத்திருப்பவர்கள் அவர்கள்தான்.

ஜெர்மனிக்கு உறுத்தும் முள் இத்தாலி. 1970 அரையிறுதி 4-3, 1982 இறுதி 3-1, 2006-இல் சொந்த ஊரிலேயே 2-0, 2012 யூரோவில் 2-1. பெரிய போட்டியொன்றின் நாக் அவுட் சுற்றில் இத்தாலியை வெளியே அனுப்ப 2016 வரை காத்திருந்தார்கள், அதுவும் பெனால்டியில்.

2010 உலகக் கோப்பையில் இங்கிலாந்தின் லேம்பார்ட் ஜெர்மனிக்கு எதிராக அடித்த பந்து கோட்டைத் தாண்டி விழுந்ததை உலகமே பார்த்தது, நடுவர்கள் பார்க்கவில்லை. அடுத்த உலகக் கோப்பைக்குள் கோல்கோட்டுத் தொழில்நுட்பம் வந்துவிட்டது. நான் அவர்களைத் திட்ட மாட்டேன். ஏற்காட்டில் ஒரு டிசம்பர் காலை, பனி மூட்டத்துக்குள் போன பந்துக்கு வலை அசைந்த சத்தத்தை வைத்துக் கோல் கொடுத்தேன். அந்தக் கம்பத்தில் வலையே கட்டவில்லை என்று அப்புறம்தான் தெரிந்தது.

ஷூ இல்லாததால் 1950 உலகக் கோப்பையில் இந்தியாவைச் சேர்க்கவில்லை என்று தாத்தா சொல்வார். நிஜமா?
ஏற்காடு, காபி எஸ்டேட்

தாத்தாவிடம் மெதுவாகச் சொல்லுங்கள், கதைதான். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் நம் ஆட்கள் பலர் வெறுங்காலில் ஆடியது உண்மை. இரண்டு பெனால்டியை வீணாக்கி பிரான்ஸிடம் 2-1 என்று தோற்றார்கள். தகுதிச் சுற்றில் எதிரணிகள் எல்லாம் விலகியதால், 1950-க்கு ஆடாமலே இடம் கிடைத்தது. நம் சங்கம்தான் போகவில்லை. பிரேசிலுக்குக் கப்பல் பயணம், அதற்கான நாட்கள், பயிற்சிக்கு நேரமின்மை என்று காரணங்கள் உண்டு. எல்லாவற்றையும்விட, அன்றைக்கு ஒலிம்பிக்தான் அவர்களுக்குப் பெரிது. உலகக் கோப்பையை யாரும் பொருட்படுத்தவில்லை. கேப்டன் சைலன் மன்னாவே பின்னாளில் அப்படித்தான் சொன்னார். 1952 ஹெல்சிங்கியிலும் பலர் வெறுங்காலோடு போய், குளிரில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 வாங்கினார்கள். அதற்கப்புறம்தான் ஷூ. பயிற்சியாளர் ரஹீம் காலத்தில் 1956 ஒலிம்பிக்கில் நான்காம் இடம், 1962 ஆசிய விளையாட்டில் தங்கம்.

ஃபுட்பாலுக்காக இரண்டு நாடுகள் போரே செய்தனவாமே?
கொண்டலாம்பட்டி

எல் சால்வடாரும் ஹோண்டுராஸும், 1969. தகுதிச் சுற்றில் ஆளுக்கொரு வெற்றி, மூன்றாவது ஆட்டம் மெக்சிகோ நகரில், எல் சால்வடாருக்கு 3-2. ஜூலை 14-இல் போர், ஏறத்தாழ நூறு மணி நேரம். பந்து வெறும் தீக்குச்சி. பஞ்சு ஏற்கெனவே குவிந்து கிடந்தது: பிழைக்கப் போன சால்வடார் குடியானவர்களை ஹோண்டுராஸ் நிலத்தைவிட்டு விரட்டிக்கொண்டிருந்தது.

நம் இந்தியா எப்போ உருப்படும், தாத்தா?
ஆத்தூர், எட்டாம் வகுப்பு மாணவி

ஆண்கள் அணியா? 2027 ஆசியக் கோப்பைக்கே இடம் தவறிவிட்டது. 2025 நவம்பரில் டாக்காவில் பங்களாதேஷிடமும் 1-0. நீ உன் அக்காமார்களைப் பாரு கண்ணு. 2025 ஜூலையில் தாய்லாந்துக்கே போய் அவர்களை 2-1 என்று அடித்து, 2026 மகளிர் ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். இரண்டு கோலும் சங்கீதா பாஸ்ஃபோர். தேசிய மகளிர் பட்டத்தை நம் தமிழ்நாடும் 2018-இலும் 2023-இலும் வாங்கியிருக்கிறது.

மழுப்பாமல் சொல்லுங்க, உங்க டீம் எது?
பெயர் போடாத சீட்டு (கையெழுத்து தெரிகிறது)

உருகுவே. 2011 கணக்கெடுப்பில் நம் சேலம் மாவட்ட மக்கள்தொகை 34.82 லட்சம், அந்த நாடு மொத்தமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். 1930-இல் முதல் உலகக் கோப்பை அவர்களுக்கு. 1950-இல் மரக்கானாவில் உருகுவேயோடு கடைசி ஆட்டம், கோப்பையைத் தூக்க பிரேசிலுக்கு டிரா போதும், முதல் கோலும் பிரேசிலுக்கே. அப்புறம் ஷியாஃபினோ ஒன்று, ஜிஜியா ஒன்று, 2-1. அந்த அடியில் பிரேசில் தன் வெள்ளைச் சட்டையையே தூக்கிப் போட்டுவிட்டு மஞ்சளுக்கு மாறியது.

அதே அளவு ஜனம் உள்ள நம் மாவட்டத்தில், ஞாயிறு காலை ஆறரை மணிக்குப் பதினொரு பேர் சேர மாட்டேன் என்கிறார்கள். போன வாரம் ஒரு பக்கம் எட்டு பேர், அதில் இரண்டு பேர் கோல்கீப்பர்.