குன்னூர் சார், அந்தப் பந்தயக் குதிரையை வாங்கலாமா?

ஊட்டியில் பந்தயம் ஓடி முடித்த 6 வயசுத் தரோபிரெட் (பந்தயத்துக்கென்றே வளர்க்கும் இனம்), மகள் ஈவென்டிங் என்கிற மூன்று பகுதிக் குதிரையேற்றப் போட்டிக்குப் பழக வாங்கலாமா, நல்லா ஓடுதுன்னு கேட்டிருந்தீர்கள். ஓட்டத்தைப் பார்த்து மயங்காதீர்கள் சார். ஈவென்டிங்கில் டிரெஸ்ஸாஜும் உண்டு, அதாவது சொன்னபடி நிதானமாக நடை காட்டும் பகுதி, படபடக்கும் குதிரை அங்கேயே மானத்தை வாங்கிவிடும். தாவும் உயரமும் பெரிய விஷயமில்லை, உச்ச நிலையான ஐந்து நட்சத்திரப் போட்டியிலேயே கிராஸ் கன்ட்ரியில் (திறந்தவெளியில் தடை தாண்டி ஓடும் பகுதி) அசையாத தடையின் உயரம் அதிகபட்சம் 1.20 மீட்டர்தான்.

முதலில் கால். ஓடின குதிரைக்கு முன்னங்காலின் பின்பக்கத் தசைநாண்தான் பெரும்பாலும் அடி வாங்கியிருக்கும். முழங்காலுக்குக் கீழே பின்பக்கமாக விரலால் மெதுவாகத் தடவி இறங்குங்கள், இரண்டு காலையும் ஒப்பிட்டு. ஒன்றில் மட்டும் சூடோ, தடிப்போ, தொட்டதும் காலை வெடுக்கென்று இழுப்பதோ இருந்தால் பேரமே வேண்டாம். அப்புறம் சரிவில் இறக்கிப் பாருங்கள், நம்ம மலையில் அதற்கா பஞ்சம்! தலையைத் தூக்கிக்கொண்டு வழுக்கி ஓடுகிறதா, பின்னங்காலை உடம்புக்கு அடியில் வைத்து நிதானமாக இறங்குகிறதா? தேங்கிய தண்ணீருக்குள்ளும் நடத்துங்கள். முதல் நாள் தயங்கினால் பரவாயில்லை, பழக்கிவிடலாம்.

விற்பவருடைய டாக்டர் வேண்டாம், நீங்களே ஒருவரை வைத்து எக்ஸ்ரே எடுங்கள். நான் அந்தச் செலவை மிச்சம் பிடித்து, நொண்டிக் குதிரைக்கு இரண்டு வருஷம் கொள்ளு போட்டவன்.